கொடை பெற்ற உயிருக்குக் காவல்

உறுப்புக் கொடை அளித்தோரின் உடலுக்கு அரசு மரியாதையுடன் இறுதி வணக்கம் செலுத்தப்படும் எனத் தமிழ்நாடு அரசு 2023 செப்டம்பரில் அறிவித்தது. மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிரும் திட்டத்தை 2008-இலேயே தொடங்கிய மாநிலத்துக்கு அது தகும். ஆயின், அவ்வுறுப்பைத் தாங்கி வாழ்வோர்க்கு நாம் ஆற்ற வேண்டிய கடனில் பெரும்பகுதி எஞ்சியே நிற்கிறது. பூஞ்சைத் தொற்றிலிருந்து அவர்களைக் காப்பது அதில் ஒன்று.

மாற்றுறுப்பை அயலெனக் கருதி உடல் அழித்துவிடாதிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நோயாளி பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். அம்மருந்துகளுள் சைக்ளோஸ்போரினும் மைக்கோஃபீனலேட்டும் பூஞ்சைகளிலிருந்து பிறந்தவை. பூஞ்சை ஈந்த மருந்து உறுப்பைக் காக்க, அம்மருந்து திறந்துவிட்ட வழியில் வேறு பூஞ்சைகள் உட்புகுகின்றன. மண்ணிலும் மட்கிய இலையிலும் வாழும் அவற்றை நலமுடையோர் நாளும் சுவாசித்தும் நோயுறுவதில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவரிடமோ, ஆஸ்பெர்ஜில்லஸ் நுரையீரலை அரிக்கிறது. கிரிப்டோகாக்கஸ் மூளையுறையைத் தாக்குகிறது. மியூக்கர் மூக்கின் வழியே கண்ணுக்கும் மூளைக்கும் பரவுகிறது. கருநிறமி கொண்ட சில அரிய பூஞ்சைகள், முள் தைத்த காலில் வலியற்ற கட்டியாய் மாதக்கணக்கில் தங்குகின்றன. வெறுங்காலுடன் வயலில் இறங்கும் உழவர் அதனைப் பொருட்படுத்துவாரா?

மருத்துவர்க்கும் இது எளிதன்று. காய்ச்சலும் வீக்கமும் எதிர்ப்பாற்றல் எழுப்பும் எச்சரிக்கைகள். அவ்வாற்றலே அடக்கப்பட்ட உடலில் நோய் ஓசையின்றி முற்றுகிறது. நுரையீரலில் தோன்றும் நிழல் காசநோயோ என்னும் மயக்கத்தையும் தரும். பூஞ்சையின் இனம் தெரியாமல் மருந்து தேர்வதும் தவறு. ஆஸ்பெர்ஜில்லஸை வெல்லும் வோரிகோனசோல் மியூக்கரிடம் பயன்படாது. மியூக்கரை எதிர்க்கும் ஆம்போடெரிசின், மாற்றப்பட்ட சிறுநீரகத்தையே ஊறுபடுத்தக்கூடும். வோரிகோனசோல் தரும்போது, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவு குருதியில் பன்மடங்கு உயரும். உடனே டாக்ரோலிமஸைக் குறைத்து, இடைவிடாது கண்காணிக்க வேண்டும். அடக்கும் மருந்துகளை மிகக் குறைத்தாலோ உறுப்பை இழக்கும் இடர் உண்டு.

2021-இல் கொரோனாவைத் தொடர்ந்து மியூக்கர் நோய் பரவியபோது, ஆம்போடெரிசினுக்காக மக்கள் ஊர் ஊராய் அலைந்ததைக் கண்டோம். மறு ஆண்டே உலக நலவாழ்வு அமைப்பு, முதன்மைக் கவனம் வேண்டும் பூஞ்சைகளென 19 வகைகளைப் பட்டியலிட்டது. அரிய நோய்க்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாமா என்பார் உளர். அரிதாய் இருப்பதனாலேயே அது மருத்துவரின் நினைவுக்கு எட்டாமல் தப்புகிறது. பிந்திக் கண்டறியப்பட்டால் உறுப்பும் போகிறது, உயிரும் போகிறது. பல குடும்பங்களின் ஈகமும் அரசின் பொருளும் அத்துடன் வீணாகின்றன.

ஆதலின் உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்கு உரிமம் வழங்கும்போதே, பூஞ்சையின் இனத்தை விரைந்து அறியும் ஆய்வுக்கூட வசதியை நிபந்தனையாக்க வேண்டும். அரசுத் தலைமை மருத்துவமனைகளில் பூஞ்சைக்கொல்லி மருந்துகள் எக்காலமும் இருப்பில் இருத்தல் வேண்டும். மருந்தளவைக் குருதியில் சோதிக்கும் செலவையும் காப்பீடு ஏற்க வேண்டும். இத்தகைய தொற்று ஒவ்வொன்றும் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவாக வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், காலணியின்றி மண்ணில் இறங்காமையையும், சிறு கட்டியையும் உடனே மருத்துவரிடம் காட்டுதலையும் உரைக்கும் தமிழ்க் கையேடு இருத்தல் வேண்டும். அறுவைகளின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிடும் அரசு, உறுப்பு பெற்றோருள் எத்துணைப் பேர் ஐந்தாண்டு கடந்தும் நலமாய் வாழ்கின்றனர் என்பதையும் சேர்த்தே வெளியிடுக.