காற்று பெரிது; பாய் சிறிதாக இருக்கட்டும்!

அவலூர்பேட்டையில் கடல் கிடையாது. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சியில் ஏறி நின்றாலும் மலையும் வயலும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனால் காற்றைப் பற்றி இந்த ஊர் மக்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. களத்தில் நெல் தூற்றிய கைகள் அவை! இதமான காற்றில் தூற்றினால் பதர் பறக்கும், நெல் நிற்கும். பேய்க்காற்றில் தூற்றினால் நெல்லும் சேர்ந்து பறக்கும்.

இந்த அனுபவம் ஒரு கடல் விளையாட்டுக்கும் பொருந்தும்.

பறக்கும் பலகை

அந்த விளையாட்டின் பெயர் விண்ட்ஃபாயில். ஒரு பலகை. அதன் மேல் ஒரு பாய். பலகைக்கு அடியில் ஒரு நீளமான தண்டு. தண்டின் நுனியில், தண்ணீருக்குள், விமானத்தின் இறக்கை போல ஒரு சிறகு.

காற்று பாயைத் தள்ளும். பலகை ஓடும். வேகம் கூடியதும் அடியில் உள்ள சிறகு பலகையைத் தூக்கிவிடும். பிறகு பலகை தண்ணீரைத் தொடாமல் பறக்கும்!

2024-ம் ஆண்டு பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி முதன் முதலாக நடந்தது. மார்சேய் கடலில் வீரர்கள் பறந்ததை உலகமே பார்த்தது.

தந்தையும் மகனும்

அதைப் பார்த்த அவலூர்பேட்டைப் பிள்ளை ஒருவன் கடலோரம் போய்ப் பழகுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு தேறியும்விட்டான். இப்போது சொந்தமாகச் சாமான் கேட்கிறான்.

"அப்பா, பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 9 சதுர மீட்டர் பாய். எனக்கும் அதே வேணும்."

"வாங்குறதுதான் வாங்குறோம், பெரிசாவே வாங்கிடலாம் தம்பி. நாலு வருஷம் உழைக்கும்" என்கிறார் தந்தை.

வளருகிற பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாக எடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஆனால் பாய், சட்டை அல்ல! பலத்த காற்றிலும் பேரலையிலும் காற்றின் போக்கில் போக விரும்பும் பிள்ளைக்கு அந்தப் பெரிய பாய் ஆபத்து.

கணக்கு என்ன சொல்கிறது?

காற்று மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் அடிக்கிறது. பிள்ளை அதே திசையில் 20 கிலோ மீட்டர் வேகத்தில் போகிறான். அப்போது அவன் உடம்பில் படும் காற்று 20 கிலோ மீட்டர்தான். "அட, காற்றே இல்லையே! இன்னும் பெரிய பாய் இருந்தால் தேவலையே" என்று தோன்றும்.

அங்கேதான் ஏமாற்றம்! ஒரு அலையில் தடுமாறி நின்றுவிட்டால், முழு 40 கிலோ மீட்டர் காற்றும் பாயில் மோதும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். பெரிய பாயை அப்போது யார் பிடிப்பது?

"சின்னப் பாயில் வேகம் வராதே" என்று சிலர் சொல்லலாம். பேரலையில் அந்தக் கவலை வேண்டாம். பலகை எழும்பிய பிறகு அலையே தள்ளிக்கொண்டு போகும். இறக்கத்தில் போகும் சைக்கிளை யாராவது மிதிப்பார்களா? ஆகவே 4 அல்லது 5 சதுர மீட்டர் பாய் போதும். கையைத் தளர்த்தியதும் அடங்கிவிடும் மெல்லிய பாயாக இருந்தால் இன்னும் நல்லது.

சிறகும் தண்டும்

ஒலிம்பிக் பலகையின் முன் சிறகு 900 சதுர சென்டி மீட்டர். அதாவது ஏறக்குறைய ஒரு சதுர அடி. அது பந்தயச் சிறகு; வேகம் இருந்தால்தான் தூக்கும். அலையில் வேகம் கூடும், குறையும். அதற்கு ஒலிம்பிக் சிறகைவிடச் சற்றே அகலமான, நடுத்தரச் சிறகுதான் ஏற்றது. மிகவும் பெரிதாகவும் கூடாது. வேகம் கூடும்போது ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

தண்டு சுமார் மூன்று அடி இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால், அலையின் பள்ளத்தில் சிறகு தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். வந்தால், பலகை தொப்பென்று விழும். ஆனால் பாக் நீரிணை போன்ற ஆழம் குறைந்த கடலில் நீண்ட தண்டு தரையில் தட்டும். இறங்கும் இடத்தின் ஆழத்தை உள்ளூர் மீனவரிடம் கேட்டுக்கொள்வதே புத்திசாலித்தனம்.

முதலில் வாங்க வேண்டியது

பாய்க்கு முன்னால் வாங்க வேண்டியது உயிர் காக்கும் மிதவைச் சட்டை. அடுத்து தலைக்கவசம்; சிறகின் விளிம்பு கூர்மையானது. பிறகு பலகையோடு ஆளைப் பிணைக்கும் கயிறு, ஒரு விசில், நீர் புகாத உறையில் கைப்பேசி. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையை அழைக்கும் எண் 1554.

கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்றில் இறங்கவே கூடாது. அது ஆளை ஆழ்கடலுக்குக் கொண்டு போய்விடும். கரையை ஒட்டி அடிக்கும் காற்றே நல்லது. கரை சேரும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்து, அங்கே ஒருவரைக் காத்திருக்கச் செய்ய வேண்டும். தனியாகப் போகக் கூடாது.

கட்டுமரம் சொல்லும் பாடம்

உலகத்துக்குக் கட்டுமரத்தைக் கொடுத்தவர்கள் தமிழர்கள். 'கட்டமரான்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். காற்று வலுத்தால் மீனவர் பாயைச் சுருக்குவார். அவரை யாரும் கோழை என்று சொன்னதில்லை. அவர் மாலையில் வீடு திரும்புகிறவர்!

லட்சக் கணக்கில் பணம் போட்டு வாங்கும் சாமான் இது. பெருமைக்காக வாங்கினால் பணமும் போகும், பிள்ளைக்கும் ஆபத்து. பெற்றோர் கடைக்காரரிடம், "இதில் எது பெரிது?" என்று கேட்க வேண்டாம். "பலத்த காற்றில் என் பிள்ளை பிடித்து அடக்கக்கூடியது எது?" என்று கேட்கட்டும்.

காற்றுக்குத் தகுந்த முறம். கடலுக்குத் தகுந்த பாய்!