பாடு தவறாமல் ஒரு மலை



கோடையில் ஏற வேண்டிய மலைகள் பற்றிய உங்கள் கட்டுரையில் வெள்ளியங்கிரியை முதலில் வைத்திருந்தீர்கள். எங்களைப் போன்ற மீனவர்களுக்கு அது சரிவராது.

பழவேற்காடு ஏரியில் எங்களுக்குப் பாடு முறை. வலை போடும் இடம் ஊர்க் கட்டுப்பாட்டின்படி முறை வைத்துச் சுற்றி வரும். நம் முறையன்று ஆள் இல்லாவிட்டால் அன்றைய இறால் போனது போனதுதான். இரண்டு முறைக்கு நடுவில் கிடைக்கும் நாளில்தான் மலையேறும் வேண்டுதலை முடிக்க வேண்டும்.

வெள்ளியங்கிரிக்குக் கோவை வரை போய், ஏழு மலை ஏறி இறங்க வேண்டும். 2024 கோடையில் அங்கே ஏறியவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். தூக்கம் கெட்ட உடம்போடு, ஊர் திரும்பும் அவசரத்தில் ஏறுகிற மலையல்ல அது. பருவதமலையும் அப்படியே, செங்குத்துப் பாறையில் சங்கிலி பிடித்து ஏற வேண்டும்.

இரண்டு நாள் இருந்தால் திருமலை போதும். அலிபிரி வழியில் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு வழியில் 2,388தான். ஒரே நாள் என்றால் எங்கள் மாவட்டத்துத் திருத்தணி, 365 படி. பொன்னேரியில் ரயில் ஏறி சென்னையில் மாறினால் போய்விடலாம். சென்ற ஆண்டு என் தாயாரை அப்படித்தான் அழைத்துப் போனேன். படிக்குப் படி உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். இரவே வீடு திரும்பி, விடியலில் வலைக்குப் போனேன்.

இனி மலைகளைப் பற்றி எழுதும்போது, ஏற எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம், கடைசிப் பேருந்து எப்போது என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள்.

– மீனவ வாசகர், பழவேற்காடு