மணத்துக்குக் காவல் யார்?

விசைத்தறியில் நெய்த துணியைக் கைத்தறித் துணி என்று கூறி விற்பவனால் யாருக்கு நஷ்டம் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. உழவர்களுக்கும் அத்தகைய இடையூறு உண்டு. வடநாட்டுப் பாஸ்மதி அரிசியின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். அதனைச் சற்று ஆராய்வது நம் சங்கங்களுக்குப் பயன் தரும் என்று கருதுகிறோம்.

இமயமலையின் அடிவாரத்தைச் சார்ந்த சமவெளிகளில், இந்தியாவிலும் பாகிஸ்தானிலும், தலைமுறை தலைமுறையாகப் பயிராகி வருவது பாஸ்மதி. மணமுடையது என்பதே அப்பெயரின் பொருள். வேகும்போது பருமனில் அதிகம் பெருக்காது. நீளத்தில் ஏறக்குறைய இருமடங்காகும். நம் சீரகச் சம்பாவும் மணமுள்ளதே. ஆயினும் அது குறுமணி, இது நெடுமணி. இன்று பாகிஸ்தானில் உள்ள காலா ஷா காக்கு ஆராய்ச்சி நிலையத்தில், 1933-ல் உள்ளூர் நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட பாஸ்மதி 370 என்னும் இரகமே நெடுங்காலம் இவ்வரிசிக்கு உரைகல்லாக விளங்கிற்று.

இந்நெல் எளிதில் வசப்படுவதன்று. பயிர் உயரமாக வளரும். தழைச்சத்து மிகுந்தால் சாய்ந்துவிடும். பகற்பொழுது குறுகும் பருவத்தில்தான் கதிர் விடும். மணி முற்றும் நாட்களில் குளிர்ச்சி இருந்தால்தான் மணம் நன்கு அமையும். விளைச்சலோ சாதாரண நெல்லினும் குறைவு. டில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1989-ல் பூசா பாஸ்மதி 1, 2003-ல் பூசா 1121 ஆகிய புதிய இரகங்களை வெளியிட்ட பின்னர் விளைச்சல் உயர்ந்தது. பழைய இரகங்களின் பரப்பு சுருங்கிற்று.

இத்தகைய அரிசியின் பெயரைப் பிறரும் விரும்பியதில் வியப்பில்லை. 1997-ல் அமெரிக்காவின் ரைஸ்டெக் கம்பெனி பாஸ்மதி வகைகள் சிலவற்றுக்குக் காப்புரிமை பெற்றது. 2000-ல் இந்தியா அதனை எதிர்த்தது. 2001-க்குள் அவ்வுரிமையின் பெரும்பகுதி நீங்கிற்று. பின்னர் 2008-ல், சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் விண்ணப்பம் செய்யப்பட்டது. பல வழக்குகளுக்குப் பின் 2016-ல் பதிவு கிடைத்தது. 2023 ஆகஸ்டு முதல், செயற்கை மணமும் நிறமும் ஊட்டிய அரிசியைப் பாஸ்மதி என்று விற்கலாகாது என்னும் தர விதியும் நடைமுறைக்கு வந்தது.

பெயருக்கு இவ்வாறு காவல் ஏற்பட்டது. பயிரிட்டவன் நிலை என்ன? சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை பாஸ்மதிக்கு இல்லை. 2023 ஆகஸ்டில், டன்னுக்கு 1,200 டாலருக்குக் குறைவாக அதனை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று அரசு வரம்பு விதித்தது. அறுவடைக் காலத்தில் ஏற்றுமதியாளர்கள் கொள்முதலுக்குத் தயங்கினர். அக்டோபரில் வரம்பு 950 டாலராகக் குறைந்தது. 2024 செப்டம்பரில் அறவே நீக்கப்பட்டது. இவ்வளவு மாறுதல்களுக்கும் இடையே, மண்டியில் தன் நெல்லோடு தனியே நின்ற உழவன் சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

ஆகவே நம் கருத்து இதுதான்: பெயரைச் சட்டம் காக்கலாம், அப்பெயரால் வரும் பலனைச் சங்கம்தான் காக்க முடியும். ஆனால் சங்கம் முதலில் தன் வீட்டைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

அண்மையில் ஒரு சங்கத்தின் விதைக் கிடங்கைப் பார்வையிட்டோம். சீரகச் சம்பா என்று எழுதிய மூட்டைகள் சிலவற்றில் வேறு நெல் கலந்திருந்தது. எவர் வயலிலிருந்து வந்தது என்று பதிவேட்டில் குறிப்பில்லை. கேட்டபோது, "எல்லாம் நம்மவர்கள் கொடுத்ததுதான் ஐயா, முகத்துக்கு நேரே எப்படி வேண்டாம் என்பது?" என்றார் நிர்வாகி ஒருவர். அவர் நல்லவர், ஆயினும் அந்தத் தாட்சணியத்தின் விலையை, கலப்பில்லாமல் கொடுத்த அங்கத்தினர்களே செலுத்துகிறார்கள். கலந்த மூட்டைக்கும் கலவாத மூட்டைக்கும் ஒரே விலை என்றால், அடுத்த ஆண்டு கலவன் களைய வயலில் இறங்குபவர் யார்?

மணமுள்ள பழைய நெல்லைப் பயிரிடுவோர் விதையைச் சங்கத்திலேயே பெற வேண்டும். பூக்கும் தருணத்திலும் அறுவடைக்கு முன்னும் கலவன் நீக்க வேண்டும். தனிக் களத்தில் அடித்து, மூட்டைதோறும் வயலின் அடையாளத்தை எழுத வேண்டும். சங்கம் அதனைச் சோதித்து, தூய நெல்லுக்கு உயர்ந்த விலை தந்து, கலந்ததைத் தயங்காமல் திருப்ப வேண்டும். அது தலைவருடைய மூட்டையாயினும் சரியே.

அறுவடை நாளில் கைப்பணம் வேண்டும், அதனால்தான் வியாபாரியிடம் போகிறோம் என்று அங்கத்தினர்கள் கூறுவது நியாயமே. அதற்காகவே சங்கங்களில் தானிய ஈட்டுக் கடன் உள்ளது. நெல்லை வைத்துப் பணம் பெற்றால், நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். அக்கடனை உரிய நாளில் தாமதமின்றி வழங்குவது நிர்வாகிகளின் கடமை. அதில் குறை கண்டால் நாமே முதலில் சுட்டுவோம்.

பாஸ்மதியின் பெயர் கடல் கடந்தும் மீட்கப்பட்டது. நம் கிடங்கில் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பும் துணிவு அதைவிடச் சிறிய காரியமே. வரும் சம்பா அறுவடையிலேயே அதனைத் தொடங்குமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம்.