சாமி வேறு, சம்பளக் கஷ்டம் ஒன்றுதான்

திருவிழாவுக்குப் பந்தல் போட நாலு பேர் வேண்டுமென்றால், நம் அலோர் காஜா வட்டாரத்தில் நாற்பது பேர் வந்து நிற்கிறோம். ஆனால் தோட்டம் கைமாறுகிறது, வீட்டைக் காலி செய் என்று ஆபிசிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறோம். இது ஏன்?

அந்தக் கடிதம் மதம் பார்த்து வருவதில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர், மாதா கோயிலுக்குப் போகிறவர், சூராவில் தொழுகிற இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர், எல்லாருக்கும் அடி ஒரே இடத்தில்தான்: வயிற்றில்!

நம்மைப் போலவே கடல் கடந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் கதையைக் கேளுங்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி வாட்டியது. பால் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் 1972இல் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கியிருந்தார். அவர் மதத்துக்கு ஆள் சேர்க்கவில்லை. சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துவும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து தோட்டத் தொழிலாளியின் கூலியையும் குடியுரிமையையும் பற்றிப் பேசினார்கள். 1974இல் தோட்டப் பகுதிகளுக்கென ஓர் ஒருங்கிணைப்புச் செயலகமும் பிறந்தது.

உடனே எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. 2003இல்தான் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது. ஆனாலும் அந்த நீண்ட காலத்தில் அவர்கள் தனியாக நிற்கவில்லை.

நாமும் செய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு கோயில் மண்டபத்தைத் திறந்து வைப்போம். மாதா கோயில்காரர்களையும் சூராவ் பெரியவர்களையும் அழைப்போம். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்லட்டும். ஆள்குறைப்பில் வேலை போனால், 1980ஆம் ஆண்டு விதிகளின்படி இழப்பீடு உண்டு. ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். இது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்!

"கோயில்ல எதுக்குய்யா சங்கப் பேச்சு?" என்று சிலர் கேட்பார்கள். சங்கத்துக்கு நாம் போட்டியில்லை, அதற்குத் துணை. பசித்தவன் பக்கம் நிற்கச் சொல்லாத சாமி எது?

பந்தலுக்குக் கூடிய கைகள் பங்குக்கும் கூடட்டும்!