நிரலுக்கு ஆள் உண்டு, கையேட்டுக்கு?

கட்டற்ற மென்பொருளுக்கு விலை இல்லை என்பார்கள். பதிவிறக்கும் வரை அது சரிதான். "சரி, இதை எப்படி நிறுவுவது?" என்று தேட ஆரம்பிக்கும்போதுதான் செலவு தெரியும். தேடுபொறி பத்துச் சுட்டிகளைக் காட்டும். முதலாவது ஏழு வருடப் பழசு. இரண்டாவது, இப்போது இல்லவே இல்லாத ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லும். மூன்றாவதில் "இந்தப் பகுதி விரைவில் எழுதப்படும்" என்று இருக்கும். அந்த "விரைவில்" வந்து பல வருடம் ஆகியிருக்கும்...

இதைப் புதிதாக வந்தவர்களின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. 2017ல் கிட்ஹப் நடத்திய கருத்துக்கணிப்பில், பதில் சொன்னவர்களில் 93 சதவீதம் பேர் அரைகுறையான, காலாவதியான ஆவணங்களை ஒரு பிரச்சினையாகக் குறிப்பிட்டார்கள். அதே கணிப்பில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், ஆவணங்களுக்குத் தாங்கள் பங்களிப்பது அபூர்வம் அல்லது இல்லவே இல்லை என்றார்கள். நோய் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மருந்து வாங்கி வரத்தான் ஆள் இல்லை.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு: "ஒரு விக்கி திறந்துவிடுங்கள், யார் வேண்டுமானாலும் எழுதட்டும்." பல திட்டங்கள் இப்படித்தான் மூன்று விக்கி, நான்கு கையேடு என்று சேர்த்து வைத்திருக்கின்றன. ஒன்று சொல்வதை இன்னொன்று மறுக்கும். ஆக, பஞ்சம் எழுத்தில் இல்லை, பராமரிப்பில்தான்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கையேடு என்பது ஒரு சொத்து. எல்லா இயந்திரங்களையும் போல அதற்கும் தேய்மானம் உண்டு. மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய கையேட்டின் மதிப்பு கொஞ்சம் குறைகிறது. பத்து வருட இயந்திரத்தை வாங்கிய விலையிலேயே இருப்புநிலைக் குறிப்பில் காட்டினால் தணிக்கையாளர் சும்மா விடுவாரா? ஆனால் பத்து வருடப் பக்கத்தைத் தேதிகூடப் போடாமல் புத்தம் புதிதுபோல் காட்டும் திட்டங்களை யாரும் கேட்பதில்லை.

விக்கி என்பதே தவறு என்று அர்த்தமில்லை. ஆர்ச் லினக்ஸின் விக்கியை மற்ற லினக்ஸ் வழங்கல்களின் பயனர்களும் தேடிப் போய்ப் படிக்கிறார்கள். அங்கே பழையதைக் களைய ஆட்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், ஜென்டூ லினக்ஸுக்காகப் பயனர்கள் திட்டத்துக்கு வெளியே நடத்திவந்த விக்கி 2008ல் தன் தரவுத்தளத்தையே இழந்தது. பலருடைய பல வருட உழைப்பு அது. திட்டத்துக்குள் இடம் இல்லாத ஆவணத்தின் கதி இதுதான்.

சரியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஓப்பன்பிஎஸ்டியில் கையேட்டுப் பக்கங்கள் மூலநிரலோடு ஒரே இடத்தில் இருக்கின்றன. கையேட்டில் பிழை இருந்தால் அதையும் நிரலில் உள்ள வழுவைப் போலவே கருதுகிறார்கள். 2005ல் வெளியான ஜாங்கோவில் ஒரு புதிய வசதியைச் சேர்க்க வேண்டுமென்றால், அதற்கான ஆவணத்தையும் சோதனைகளையும் கூடவே கொடுக்க வேண்டும்.

பிஹெச்பி இன்னொரு பாடம். அதன் பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை 2013ல் வந்த 5.5 பதிப்பில் கைவிடப்பட்டவை என்று அறிவித்து, 2015ல் வந்த 7.0ல் நீக்கிவிட்டார்கள். ஆனால் அவற்றின் கையேட்டுப் பக்கங்களை அழிக்கவில்லை. "இது நீக்கப்பட்டுவிட்டது, இதற்குப் பதில் இவற்றைப் பயன்படுத்துங்கள்" என்று பக்கத்தின் தலையிலேயே எழுதி வைத்தார்கள். பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டு வருபவருக்கும் அங்கே வழி கிடைக்கிறது.

எது எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். கணக்கு மென்பொருளான நியூகேஷ் இரண்டு நூல்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. ஒன்று சொத்து, பொறுப்பு, வருமானம், செலவு என்று அடிப்படையிலிருந்து கற்றுத்தருகிறது. மற்றது எந்தப் பட்டியலில் எந்த வசதி இருக்கிறது என்று சொல்கிறது. கற்க வந்தவரும் அவசரமாக ஒன்றைத் தேட வந்தவரும் ஒரே பக்கத்தில் முட்டிக்கொள்வதில்லை.

ஆக, செய்ய வேண்டியவை நான்குதான்.

1. ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கட்டும். ஆவணம் இல்லாத மாற்றத்தை ஏற்க வேண்டாம்.

2. ஒவ்வொரு பக்கத்திலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது, யார் பொறுப்பு என்று இருக்கட்டும்.

3. ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் ஒரு தணிக்கை. திருத்த முடிந்தால் திருத்துங்கள். இல்லையேல் "பழையது" என்று முத்திரை குத்துங்கள்.

4. வெளியீட்டுக் குறிப்பில் நிரல் எழுதியவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஆவணம் எழுதியவர் பெயரும் வரட்டும்.

"சம்பளம் இல்லாமல் வேலை செய்பவரை இப்படிக் கட்டாயப்படுத்தலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆங்கிலம் சரியாக வராத நல்ல நிரலாளர் இந்த விதியைப் பார்த்தே ஒதுங்கிவிடவும் கூடும். அவரிடம் அழகான நடையைக் கேட்க வேண்டியதில்லை. என்ன மாறியது, எப்படிப் பயன்படுத்துவது என்று நாலு வரி போதும். மொழியை இன்னொருவர் செப்பனிடலாம். ஆனால் அந்த நாலு வரியை அன்றைக்கே எழுதினால்தான் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் எழுதியவருக்கே மறந்துபோயிருக்கும். தவிர, ஒரே கேள்விக்கு நூறு முறை பதில் சொல்வதும் சம்பளமில்லாத வேலைதானே?

நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்பதுதான் கட்டற்ற மென்பொருளின் பெருமை. மென்பொருளுக்குச் சுதந்திரம் இருந்தால் போதாது, அதன் கையேட்டுக்கும் வேண்டும் என்றுதான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2000ல் கையேடுகளுக்கென்றே தனி உரிமம் வெளியிட்டது. உரிமம் வந்துவிட்டது, பராமரிப்புதான் இன்னும் பாக்கி. புரியாமல் திரும்பிப் போகிறவர்கள் யாரும் புகார் எழுதிவிட்டுப் போவதில்லை. சத்தமில்லாமல் போய்விடுகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் நாளைய பங்களிப்பாளர்களோ!