உறக்கத்தைப் பறிக்கும் உடற்பருமன்

ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் உலகளாவிய ரீதியில் இரு தினங்கள் அனுஷ்டிக்கப்படுகின்றன. அம்மாதம் 4 ஆம் திகதி உலக உடற்பருமன் தினமாகும். அதே மாதத்தில் வரும் ஒரு வெள்ளிக்கிழமை உலக உறக்க தினமாகும். முன்னைய தினத்தில் உணவு பற்றியும் உடற்பயிற்சி பற்றியும் பேசப்படுகின்றது. பின்னைய தினத்தில் மன அமைதி பற்றியும் இரவுநேரக் கைத்தொலைபேசிப் பாவனை பற்றியும் பேசப்படுகின்றது. ஆனால் இவ்விரண்டும் ஒரே உடலில் ஒன்றையொன்று வளர்த்துவிடும் பிரச்சினைகள் என்பது எமது நாட்டில் இன்னமும் போதியளவு உணரப்படவில்லை என்றே கூறவேண்டியுள்ளது.

குறட்டை விட்டு உறங்கும் ஒருவரைக் கண்டால், கவலையின்றி நிம்மதியாக உறங்குகின்றார் என்று கூறுவது எமது சமூகத்தின் வழக்கமாகும். பருத்த உடலையும் பேருறக்கத்தையும் இணைத்துக் கும்பகர்ணன் என்று கேலி செய்வோரும் உள்ளனர். மருத்துவம் கூறும் உண்மையோ இதற்கு நேர்மாறானது. உரத்த குறட்டை பல வேளைகளில் நல்லுறக்கத்தின் அடையாளமன்று. அது மூச்சுக்காகப் போராடும் ஓர் உடலின் ஓசையாகும்.

உடல் நிறை அளவுக்கு மீறி அதிகரிக்கும்போது கொழுப்பு வயிற்றில் மாத்திரம் படிவதில்லை. கழுத்திலும் நாக்கின் அடிப்பகுதியிலும் தொண்டையைச் சுற்றியும் அது படிகின்றது. விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் இறுக்கமாக இருந்து மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் அவை தளர்ந்ததும், ஏற்கனவே குறுகிய அந்தப் பாதை மேலும் ஒடுங்கிக் குறட்டை எழுகின்றது. பாதை முற்றாக மூடிக்கொண்டால் மூச்சே நின்றுவிடுகின்றது. வயிற்றிலுள்ள கொழுப்பும், மல்லாந்து படுக்கும்போது மார்பறையை அழுத்தி நுரையீரல் விரிவதைக் குறைக்கின்றது. குருதியில் ஒட்சிசன் குறைந்ததும் மூளை திடுக்கிட்டு உடலைச் சற்று விழிக்கச் செய்கின்றது. மூச்சு மீள்கின்றது, மீண்டும் உறக்கம், மீண்டும் தடை. இவ்வாறு 10 செக்கன்களோ அதற்கும் மேலாகவோ நீடிக்கும் தடைகள், மணித்தியாலத்துக்கு 30 தடவைகளுக்கு மேல் நிகழுமாயின் அதனைக் கடுமையான நிலையென வைத்தியர்கள் வகைப்படுத்துகின்றனர். எட்டு மணித்தியாலம் படுக்கையில் கிடந்தும் அந்நபர் ஆழ்ந்த உறக்கத்தை எட்டுவதில்லை. காலையில் இதனைப் பற்றி அவருக்கு எந்த நினைவும் இருப்பதில்லை என்பதே இந்நோயின் வஞ்சகமாகும்.

இதன் விளைவுகள் பகலில் வெளிப்படுகின்றன. காலைத் தலைவலி, நாள் முழுவதும் அசதி, எரிச்சல், ஞாபகமறதி, கூட்டங்களிலும் பஸ்ஸிலும் தன்னையறியாமல் கண்ணயர்தல் என்பன அவற்றுட் சிலவாகும். சோம்பேறி என்று வீட்டாரும் மேலதிகாரிகளும் ஏசும் ஒருவர் உண்மையில் நோயாளியாக இருக்கக்கூடும். உயர் குருதி அமுக்கம், இதய நோய், பாரிசவாதம், நீரிழிவு ஆகியவற்றுடன் இந்த உறக்கநிலை மூச்சுத்தடைக்கு நெருங்கிய தொடர்பு உண்டென்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. உலகில் 30 முதல் 69 வயது வரையானோரில் ஏறத்தாழ 94 கோடிப் பேர் இந்நோயைக் கொண்டுள்ளனரென 2019 ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடொன்று தெரிவித்தது.

உடல் நிறைக்கும் இந்நோய்க்கும் இடையிலான தொடர்பு எவ்வளவு நெருக்கமானது என்பதை அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் நடத்தப்பட்ட நீண்டகால ஆய்வு காட்டியது. நிறை 10 சதவீதத்தால் அதிகரித்தவர்களிடம் மூச்சுத்தடைகள் சராசரியாக 32 சதவீதத்தால் அதிகரிக்கக்கூடுமெனவும், நிறை 10 சதவீதத்தால் குறைந்தால் அவை 26 சதவீதத்தால் குறையக்கூடுமெனவும் 2000 ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகள் கூறின. அதாவது, 90 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 9 கிலோகிராமைக் குறைத்தாலே கணிசமான நன்மையைப் பெறலாம்.

ஆனால் நிறையைக் குறையுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. கெட்டுப்போன உறக்கமே நிறைக் குறைப்புக்குத் தடையாக அமைகின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2004 ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 12 இளைஞர்களின் உறக்கத்தை இரு இரவுகளுக்கு நான்கு மணித்தியாலமாகக் குறைத்தபோது, பசியைத் தூண்டும் ஓமோன் அதிகரித்தது. பசியை அடக்கும் ஓமோன் குறைந்தது. இனிப்பும் மாப்பொருளும் நிறைந்த உணவுகளிலேயே அவர்களின் நாட்டம் கூடியது. இரவு உறங்காதவரின் கை மறுநாள் சீனி கூடிய தேநீரையும் பணிஸையும் நாடுவது மனவுறுதியின் குறைபாடு மாத்திரமன்று. அசதியினால் நடைப்பயிற்சியும் கைவிடப்படுகின்றது. நிறை கூடுகின்றது, உறக்கம் மேலும் கெடுகின்றது.

எமது நாட்டின் நிலை என்ன? 2015 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்துக்கு மூவர் அதிக நிறையுடையோராகக் காணப்பட்டனர். ஆண்களை விடப் பெண்களிடையே இந்நிலை கூடுதலாக இருந்தது. அக்கணிப்பில் உடற்றிணிவுச் சுட்டி 25 என்பதே எல்லையாகக் கொள்ளப்பட்டது. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து அதிகரிக்கின்றதென உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 2004 இலேயே சுட்டிக்காட்டியுள்ளனர் என்பதும் இங்கு கவனத்திற்குரியது. இலங்கையில் நிகழும் மரணங்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை தொற்றா நோய்களாலேயே நிகழ்கின்றன. அவற்றைத் தடுக்கும் முயற்சியில் உறக்கத்தை ஒதுக்கிவைக்க முடியாது.

இது தனிநபர் பிரச்சினை மாத்திரமுமன்று. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பு நோக்கி இரவிரவாகப் பயணிக்கும் பஸ்களில் எத்தனையோ உயிர்கள் ஒரு சாரதியின் விழிப்பை நம்பியுள்ளன. சாரதி உறங்கியமையே விபத்துக்குக் காரணம் எனும் செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவருகின்றன. விபத்தின் பின் சாரதி கைதாகின்றார். அவர் ஏன் உறங்கினார் என்ற கேள்வி எழுவதில்லை. நீண்ட நேர ஆசனம், அகாலத்தில் கடையில் கொத்துரொட்டி, ஒழுங்கற்ற ஓய்வு என்பன இத்தொழிலாளரை உடற்பருமனுக்கும் உறக்கக் குறைபாட்டுக்கும் ஒருசேர இட்டுச்செல்கின்றன. மிதமான அல்லது கடுமையான மூச்சுத்தடை இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் சாரதிகள் மருத்துவ ஆலோசனைக்கு உட்படுத்தப்படவேண்டும் என்ற விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2014 இல் கொண்டுவந்தது. எமது நாட்டிலும் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு மருத்துவச் சான்றிதழ் அவசியமாகும். கனரக வாகனச் சாரதிகளைப் பரிசோதிக்கும்போது கண்பார்வைக்கு அளிக்கப்படும் முக்கியத்துவம் உறக்கத்துக்கும் அளிக்கப்படவேண்டும். ஆயினும் நோயைக் கூறினால் தொழில் பறிபோகும் என்ற அச்சம் நிலவுமாயின் எவரும் உண்மையைக் கூறமாட்டார். எனவே சிகிச்சை பெறுபவர் தொழிலில் தொடர்வதற்கான உத்தரவாதமும் வேண்டும்.

சிகிச்சை இல்லாத நோயன்று இது. மூக்கில் அணியும் முகமூடியினூடாக அமுக்கத்துடன் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருக்கும் இயந்திரத்தை அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் 1981 ஆம் ஆண்டிலேயே அறிமுகப்படுத்தினார். நிறையைக் குறைக்கும் டிர்செபடைட் என்ற ஊசிமருந்தை, உடற்பருமனுடன் கூடிய மூச்சுத்தடைக்குப் பயன்படுத்த 2024 டிசெம்பரில் அமெரிக்கா அனுமதியளித்தது. எனினும் இவற்றின் விலை சாதாரண குடும்பமொன்றின் கைக்கு எட்டாத உயரத்தில் உள்ளது. உறக்கத்தை ஆய்வு செய்யும் வசதியும் பெருநகரங்களுக்கு வெளியே எளிதில் கிடைப்பதில்லை.

ஆகவே செலவற்ற வழியிலிருந்தே நாம் ஆரம்பிக்கவேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நடத்திவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் உயரம், நிறை, குருதி அமுக்கம், குருதியில் சீனியின் அளவு என்பன இலவசமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. அங்கு வருவோரிடம் உரத்த குறட்டை உண்டா, உறக்கத்தில் மூச்சு நிற்பதை வீட்டார் கண்டுள்ளனரா, பகலில் உறக்கம் மேலிடுகின்றதா என்ற மூன்று கேள்விகளைக் கேட்பதற்கும், ஓர் அளவுநாடாவால் கழுத்தின் சுற்றளவை அளப்பதற்கும் பெரும் நிதி தேவையில்லை. ஆபத்துள்ளவர்களை மட்டும் மேற்பரிசோதனைக்கு அனுப்பினால், இருக்கும் சொற்ப வசதியும் உரியவர்களைச் சென்றடையும்.

வீடுகளிலும் மாற்றம் வேண்டும். நோயாளி அறியாததை அருகில் உறங்குபவரே அறிவார். குறட்டையைக் கண்டு நகைப்பதை விடுத்து, அவரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உறவினர் செய்யக்கூடிய பேருதவியாகும். உடற்பருமன் உடையோரைக் கேலி செய்யும் சமூகம் அவர்களை வைத்தியசாலையிலிருந்து தூரவே விரட்டுகின்றது என்பதை இனியாவது நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.