கடை மூடினாலும் கரையாத விஷம்!



பட்டுப்புடவை, கோட்டு போன்றவற்றை வீட்டில் 'டிரை வாஷ்' கொடுப்பார்கள். தமிழில் உலர்சலவை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அங்கேயும் துணி நனையத்தான் செய்கிறது. தண்ணீரில் அல்ல, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் ஒரு திரவத்தில்! நம் ஊர்க் கடைகளில் 'பெட்ரோல் வாஷ்' என்று எழுதியிருப்பது இதனால்தான்.

அமெரிக்கக் கடைகளில் பல ஆண்டுகளாக அதிகம் புழங்கிய திரவம் பெர்குளோரோஎத்திலீன். சுருக்கமாக 'பெர்க்'. பெட்ரோலைப் போலத் தீப்பிடிக்காது என்பதால் கடைக்காரர்கள் அதை விரும்பினார்கள். ஆனால், அது மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012இல் அறிவித்தது. இன்று அங்கே மூடிய கடைகளின் அடிமண்ணைக்கூடச் சோதிக்கிறார்கள். ஏன் தெரியுமா?

எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். பெர்க் மூழ்கும். ஒரு லிட்டர் பெர்க்கின் எடை சுமார் 1.6 கிலோ. தரையில் சிந்தினால் சிமெண்ட் விரிசல் வழியாக இறங்கி, மண்ணைக் கடந்து, நிலத்தடி நீருக்கும் கீழே போய்க் களிமண் அடுக்கின்மேல் தேங்கிவிடும். அங்கிருந்து பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரையும். ஒரு பகுதி ஆவியாகி, மேலே உள்ள கட்டடத்துக்குள்ளும் நுழையும்.

வட கரோலைனா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே 'ஏபிசி ஒன்-அவர் கிளீனர்ஸ்' என்ற சலவைக் கடை 1950களில் தொடங்கியது. கழிவுநீர் செப்டிக் டேங்கில் இறங்கியது. பெர்க்கைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சிய கசடைக் கடைப்பக்கத்துக் குழிகளை நிரப்பப் பயன்படுத்தினார்கள். சுமார் 900 அடி தூரத்தில் ஒரு குடிநீர்க் கிணறு! லெஜூன் என்ற மரைன் படை முகாமில், ராணுவக் குடும்பங்கள் வாழ்ந்த குடியிருப்புக்குத் தண்ணீர் தந்த கிணறுகளில் அதுவும் ஒன்று. குழந்தைகளும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

இப்போது ஒரு கணக்கு. அமெரிக்காவில் குடிநீரில் பெர்க்குக்கு இன்றுள்ள வரம்பு, லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். அப்படியானால் ஒரே ஒரு கிராம் பெர்க் எவ்வளவு தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவந்துவிடும்? 2 லட்சம் லிட்டர்! பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இருபது. அந்தக் குடியிருப்பின் குழாய்நீரில் 1985இல் காணப்பட்ட உச்ச அளவு 215 மைக்ரோகிராம். வரம்பைப் போல 43 மடங்கு.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அபாயக் கழிவுகளுக்கான முக்கியச் சட்டமே அமெரிக்காவில் 1976இல்தான் வந்தது. ஆனால், 1982லேயே ஆய்வுக்கூடம் ஒன்று முகாமின் தண்ணீரில் இப்படிப்பட்ட ரசாயனம் இருப்பதைச் சொல்லிவிட்டது. கிணற்றை மூடியது 1985 பிப்ரவரியில்! இடையில் போன அந்த ஆண்டுகளுக்கு என்ன சமாதானம்? முகாமின் வேறு பகுதிகளில் முகாமே கசியவிட்ட ரசாயனங்களும் குடிநீரில் கலந்திருந்தன. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்க வழிசெய்யும் தனிச் சட்டம் 2022இல்தான் வந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் குவிந்தன.

சரி, பழைய கடை இருந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வேலை மண்வெட்டி அல்ல, பழைய புத்தகம்! ஐம்பது அறுபது ஆண்டுக்கு முந்தைய தொலைபேசிக் கையேடு, தீக்காப்பீட்டு வரைபடம் ஆகியவற்றைப் புரட்டி, எந்தக் கதவு எண்ணில் சலவைக் கடை இருந்தது என்று பார்க்கிறார்கள். அங்கே இன்று ரொட்டிக் கடையோ டியூஷன் மையமோ இருக்கலாம். தரையில் சிறு துளை போட்டு, அடியில் உள்ள காற்றை எடுத்துச் சோதிப்பார்கள். பிறகு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி, விஷம் எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று வரைவார்கள்.

சுத்தம் செய்வது இன்னும் பொறுமையான வேலை. கெட்ட மண்ணை வெட்டி எடுக்கலாம். மண்ணுக்குள் இருக்கும் ஆவியைக் குழாய் வைத்து உறிஞ்சலாம். நீரை இறைத்துக் கரி வடிகட்டியில் விடலாம். எனக்கு மிகவும் பிடித்தது பாக்டீரியா வழி! ஒரு பெர்க் மூலக்கூறில் 2 கார்பன், 4 குளோரின் அணுக்கள். ஒரு வகை பாக்டீரியா அந்தக் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றி, கடைசியில் எத்திலீனாக மாற்றிவிடுகிறது. 1997இல் விஞ்ஞானிகள் இதை விவரித்தார்கள். இந்த வேலை நடக்க, வெல்லப்பாகு, தாவர எண்ணெய் போன்றவற்றை நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். ஆனால், கவனம் தேவை. வேலை பாதியில் நின்றால் வினைல் குளோரைடு தங்கிவிடும். அது பெர்க்கைவிடப் பொல்லாதது.

செலவு யாருடையது? சின்னக் கடைக்காரரால் முடியாது. அவர் உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். அதனால் வட கரோலைனா 1997இல் சட்டம் இயற்றி, சலவைத் திரவத்தின்மீது வரி விதித்து, நிதி திரட்டிப் பழைய இடங்களைச் சுத்தம் செய்கிறது. இது நல்ல யோசனை என்றே தோன்றுகிறது.

சலவைக் கடைகளில் பெர்க்கைப் பத்தாண்டுகளில் படிப்படியாக நிறுத்தும் விதியை 2024 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்டது. 2025இல் அதே விதியை மறுபரிசீலனைக்கும் எடுத்துக்கொண்டது. கலிபோர்னியா இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. 2007இல் முடிவெடுத்து, 2023 ஜனவரியோடு பெர்க் இயந்திரங்களை நிறுத்திவிட்டது. அங்கும் பழைய கடைகளின் அடியில் மண் சோதனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.